வாய் வைத்த கலங்கள்

கி.பி. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், காஞ்சிபுரத்துத் தெருவில் குடிபோதையில் போகும் ஒருவன் தன் குடிகலத்தைத் தொலைத்துவிடுகிறான். முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் சமஸ்கிருதத்தில் எழுதிய ‘மத்தவிலாசப் பிரகசனம்’ நாடகத்தின் கதை இவ்வளவுதான். தொலைத்தவன் சத்தியசோமன் என்ற காபாலிகன். கூடவே அவன் துணைவி தேவசோமை. தொலைந்த கலம் ஒரு மண்டையோடு. கள்ளுக்கடையை வேள்விச்சாலைக்கு நிகராக வைத்துப் புகழ்ந்துகொண்டு வந்தவனுக்கு, பிச்சையாக மது ஊற்ற ஆள் வரும்போதுதான் கையில் கபாலம் இல்லை என்பது உறைக்கிறது. ஆபத்துக்குப் பாவமில்லை என்று மாட்டுக்கொம்பில் வாங்கிக் குடிக்கிறான். பிறகு யோசிக்கிறான். கபாலத்துக்குள் சுட்ட இறைச்சி இருந்தது. ஆகவே எடுத்தது ஒன்று நாயாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பௌத்த பிக்குவாக இருக்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்து நாகசேனன் என்ற பிக்கு, செல்வர் வீட்டு மீனும் இறைச்சியும் நிறைந்த தன் பாத்திரத்தை ஆடைக்குள் மறைத்தபடி வருகிறார். பிடித்துக்கொள்கிறான். பிக்கு பாத்திரத்தை எடுத்துக் காட்டினாலும் நம்ப மறுக்கிறான். மாயம் செய்து உருமாற்றிவிட்டாய் என்கிறான். நடுவே பாசுபதன் என்ற இன்னொரு சைவத் துறவி பஞ்சாயத்துக்கு வருகிறான். வழக்குமன்றத்துக்குப் போவோம் என்றால், விகாரைப் பணத்தால் அதிகாரிகளை விலைக்கு வாங்கிவிடுவார்கள், நான் சாம்பல் பூசிய ஏழை என்று புலம்புகிறான் காபாலிகன். கடைசியில் நாயின் வாயிலிருந்து பிடுங்கிய கபாலத்தோடு ஒரு பைத்தியக்காரன் வந்து சேர, எல்லாம் சுபம்.

மகேந்திரவர்மன் எந்தச் சமயத்தாரையும் விட்டுவைக்கவில்லை என்று பலரும் எழுதிவிட்டார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அந்த நாய். அடுத்தவர் எச்சில் பட்டாலே தீட்டு என்று நினைக்கும் ஊரில், இதைவிடத் தீட்டான பொருள் இல்லை என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் ஒன்றைத் தேடி எடுத்து அதில் குடிப்பதுதான் காபாலிகன் பூண்ட விரதம். பிரம்மனின் ஐந்தாம் தலையைக் கிள்ளிய பைரவனின் கையில் ஒட்டிக்கொண்டதாகச் சொல்லப்படும் கபாலத்தின் வழியில் வரும் விரதம் அது. அந்தத் தலை கொய்யப்பட்ட இடம் தஞ்சைக்கு அருகிலுள்ள திருக்கண்டியூர் என்கிறது தலபுராணம். பிணத்தின் தலையில் குடிப்பவனுக்கு நாயின் வாய் ஒரு பொருட்டா? திரும்பி வந்த கலத்தை அவன் கழுவச் சொல்லவில்லை, கொண்டாடி வாங்கிக்கொள்கிறான். காபாலிகர்கள் தாங்களே எழுதிவைத்த நூல்கள் நமக்குக் கிடைக்காத நிலையில், 1972இல் டேவிட் லோரன்சன் அவர்களைப் பற்றி ஆராய்ந்து எழுதிய நூலுக்கு இந்த நாடகம் முக்கியமான சான்றாயிற்று. கேரளத்துக் கோயில்களில் சாக்கியார்கள் இதை நேர்த்திக்கடனாக ஆடும் வழக்கமும் இருக்கிறது. குடிகாரன் ஒருவன் பாத்திரம் தேடும் கதை பக்தர்களின் வேண்டுதலாக மாறியது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

குடிகலங்களைப் பற்றிய ஆய்வுகள் நான்கு கூட்டங்களாகப் பிரிந்து கிடக்கின்றன. கலை வரலாற்றாளர்கள் கலத்தின் மேல் தீட்டிய ஓவியத்தைப் பார்க்கிறார்கள். தொல்லியலாளர்கள் அடியில் படிந்த கசடைச் சுரண்டி வேதியியல் கூடத்துக்கு அனுப்புகிறார்கள். துருக்கியின் கோர்டியனில் 1957இல் திறக்கப்பட்ட ஃபிரிஜிய அரசகல்லறையின் வெண்கலக் கலங்களில், திராட்சை மது, வாற்கோதுமை பியர், தேன்மது மூன்றும் கலந்த ஒரு பானம் இருந்ததை பேட்ரிக் மெக்கவர்ன் அப்படித்தான் கண்டுபிடித்தார். சமயவியலாளர்கள் உள்ளே இருந்தது அமுதமா, குருதியா, நஞ்சா என்று கேட்கிறார்கள். மானிடவியலாளர்கள் யார் குடித்த பிறகு யார் குடித்தார் என்று கேட்கிறார்கள். இந்தக் கடைசிக் கேள்வியைத்தான் மற்ற மூவரும் தட்டிக்கழிக்கிறார்கள் என்பது என் குறை. ஒருவர் வாய் வைத்த விளிம்பில் இன்னொருவர் வாய் வைக்கலாமா, கூடாதா? கலங்களைச் சுற்றி எழுந்த சடங்குகளில் பெரும்பாலானவற்றின் அடியில் இந்தக் கேள்வி இருக்கிறது. சில இடங்களில் அதற்காகப் போரே நடந்திருக்கிறது.

கலத்தின் வடிவமே இதற்குச் சாட்சி சொல்லும். பழைய ஏதென்ஸின் ‘கைலிக்ஸ்’ ஆழமில்லாத அகன்ற கிண்ணம். ஒரு தண்டின் மேல் நிற்கும், இருபக்கமும் கைப்பிடி. படுத்துச் சாய்ந்திருப்பவர் பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கு எளிதாகக் கைமாற்றலாம். நம்மூர்க் கெண்டியோ வேறு எண்ணத்தில் பிறந்தது. அதன் மூக்கிலிருந்து நீர் விழும், அண்ணாந்து வாங்கிக்கொள்ளலாம், உதடு படவே படாது. தென்கிழக்கு ஆசியா முழுவதும் இந்த வடிவம் போய்ச் சேர்ந்திருக்கிறது. கட்டலோனியாவின் ‘பொர்ரோன்’ கண்ணாடிக் குடுவையும் இதே உத்திதான். மேசையில் இருக்கும் அத்தனை பேரும் ஒரே குடுவையில் மது குடிப்பார்கள், யார் எச்சிலும் யாருக்கும் போகாது. அங்கே அது வெறும் கேளிக்கை. நம்மிடம் அண்ணாந்து குடிப்பது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஒழுக்கம்.

ஆனால் சங்கப் பாடல்களில் இந்த ஒழுக்கத்தை எளிதில் காண முடியவில்லை. அங்கே கள் பகிர்வதற்கானது. யவனர் கலங்களில் கொண்டுவந்த மதுவைப் பொற்கிண்ணத்தில் ஏந்திப் பெண்கள் கொடுக்கப் பாண்டியன் குடிப்பதை நக்கீரர் பாடுகிறார். அந்தக் கலங்களின் உடைந்த துண்டுகளை, இத்தாலியின் மெருகிட்ட செந்நிறத் தட்டுகளோடு சேர்த்து, 1945இல் அரிக்கமேட்டில் மார்ட்டிமர் வீலர் தோண்டி எடுத்தார். ஆனாலும் பொற்கிண்ணத்தைவிட என்னை நிறுத்திவைப்பது ஔவையின் கையறுநிலைப் பாடல்களில் வரும் சின்னக் கலம். அதியமான் இறந்துவிட்டான். அவன் நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டி, நாரால் வடித்த கள்ளைச் சிறு கலத்தில் ஊற்றிப் படைக்கிறார்கள். நாட்டையே கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளாத மனிதன் இந்தத் துளிக் கள்ளை ஏற்றுக்கொள்வானா என்று ஔவை கேட்கிறார். இன்னொரு பாடலில், கள் கொஞ்சமாக இருந்தபோதும் நிறைய இருந்தபோதும் அவன் தங்களோடு எப்படிப் பங்கிட்டான் என்று நினைத்து அழுகிறார். கள்ளின் அளவைச் சொல்லியே ஒரு நட்பைச் சொல்லிவிடுகிறார். இரண்டையும் சேர்த்துப் படித்தால் நடுகல்முன் இருக்கும் கலத்தின் சங்கடம் புரியும். குடிப்பவனுக்கு எதிரில் சேர்ந்து குடிக்க ஆளில்லை; படைப்பவளுக்கு எதிரில் குடிக்க வாயே இல்லை.

செங்கம் பகுதியில் கிடைத்த நடுகற்களில், வில்லும் வாளும் ஏந்தி நிற்கும் வீரனின் காலருகே கெண்டியும் சிமிழும் செதுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். அவற்றுள் சில மகேந்திரவர்மனின் ஆட்சியாண்டைச் சொல்லும் கற்கள். தலைநகரில் அரசன் குடிகலத்தை வைத்து நகைச்சுவை எழுதிக்கொண்டிருந்த அதே காலத்தில், தொறு (ஆநிரை) மீட்டுச் செத்தவனின் கல்லில் ஊர்ச் சிற்பி அதே பொருளைக் கொஞ்சமும் சிரிக்காமல் வெட்டிக்கொண்டிருந்தான். கல்வெட்டு படிப்பவர்கள் எழுத்தைப் படித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். கெண்டிகளுக்கு மட்டும் ஒரு பட்டியல் போட்டால், எந்தக் காலத்தில் எந்த ஊரில் அவை வந்தன, எப்போது மறைந்தன என்பதே ஓர் ஆய்வாகும்.

கிரேக்கத்துக்கு வருவோம். இத்தாலியின் இஸ்கியா தீவில் 1954இல் ஒரு கல்லறையைத் தோண்டியபோது சிறிய மண்கிண்ணம் ஒன்றின் உடைந்த சில்லுகள் கிடைத்தன. கி.மு. 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதன் பக்கத்தில் கீறியிருந்த மூன்று வரிகள், நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய கிரேக்க எழுத்துகளில் அடங்கும். இது நெஸ்டாரின் கிண்ணம் என்றும், இதில் குடிப்பவரைக் காமம் பிடித்துக்கொள்ளும் என்றும் வேடிக்கையாகச் சொல்கிறது அந்த வாசகம். இலியட் காவியத்தில் வரும் நெஸ்டாரின் கலம் பொன்னாணி பதித்தது, ஆள் தூக்கத் திணறும் கனம். இங்கே இருப்பதோ உள்ளங்கைக் களிமண். அந்த முரண்பாட்டில்தான் சிரிப்பு. கிரேக்கர்கள் எழுதக் கற்றுக்கொண்டதும் கணக்கு எழுதினார்களோ இல்லையோ, குடிகலத்தின் மேல் கேலி எழுதினார்கள். கொடுமணலிலும் கீழடியிலும் நம்மவர்கள் பானைகளில் கீறியது பெரும்பாலும் ஆதன் போன்ற ஆட்பெயர்களை. அங்கே கலம் எல்லோரோடும் பேசுகிறது, இங்கே தன் சொந்தக்காரரைச் சொல்கிறது.

பெயர் கீறிய கிரேக்கக் கிண்ணமும் உண்டு. 2014இல் ஏதென்ஸின் வடக்குப் புறநகர் கிஃபிசியாவில் கிடைத்த கறுப்புக் கிண்ணமொன்றில் ஆறு ஆண்களின் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. அவற்றில் பெரிக்ளீஸ் ஒன்று, அவருடைய அண்ணன் பெயரான அரிஃப்ரான் இன்னொன்று. ஏதென்ஸை ஆண்ட பெரிக்ளீஸ்தான் இவர் என்று கண்டெடுத்தவர்கள் நம்பினார்கள். ஆறு பேர் ஒரு கிண்ணத்தில் குடித்து, அந்த மாலையின் நினைவாகப் பெயர் கீறியிருக்கலாம். ‘சிம்போசியம்’ எனப்பட்ட அந்தக் குடிவிருந்தில் மதுவில் நீர் கலக்கும் அளவைத் தலைவர் சொல்வார். கிண்ணம் வலப்பக்கமாகவே சுற்றிவரும். நீர் கலக்காமல் குடிப்பவன் காட்டுமிராண்டி. ஒரே கிண்ணத்தில் வாய் வைப்பவர்கள் சமமானவர்கள். அந்தச் சமத்துவம் ஊர் முழுவதற்குமானதல்ல. குடிமக்கள் வீட்டுப் பெண்களுக்கு அந்த அறைக்குள் இடமில்லை, அடிமைகள் ஊற்றிக்கொடுக்க மட்டும் வரலாம்.

மியூனிக் அருங்காட்சியகத்தில் இருக்கும் எக்ஸெக்கியாஸின் கைலிக்ஸை (ஏறத்தாழ கி.மு. 530) அந்த அறையின் நடுவே வைத்துப் பார்க்க வேண்டும். குறுக்களவு சுமார் 30 செ.மீ. உட்புறம் பவளச் சிவப்பு. அதில் டயோனிசஸ் தன்னந்தனியாகப் படகில் சாய்ந்திருக்கிறார். பாய்மரத்தில் திராட்சைக்கொடி ஏறிக் குலை தள்ளியிருக்கிறது, சுற்றிலும் ஓங்கில்கள் நீந்துகின்றன. மது நிறைந்திருக்கும்போது இது எதுவும் தெரியாது. குடிக்கக் குடிக்கக் கடலுக்கு அடியிலிருந்து கடவுள் எழுந்து வருவார். வெளிப்பக்கம் பெரிய இரண்டு கண்கள். கிண்ணத்தைத் தூக்கி வாயில் கவிழ்த்தால் எதிரில் இருப்பவருக்குக் குடிப்பவரின் முகம் மறைந்துபோகும். கண்ணிருக்கும் இடத்தில் தீட்டிய கண், காதிருக்கும் இடத்தில் கைப்பிடி, வாயிருக்கும் இடத்தில் அடித்தண்டின் ஓட்டை. ஃபிரான்சுவா லிஸ்ஸராக் போன்றவர்கள் 1980களில் இந்த விளையாட்டை விரிவாக எழுதிய பிறகுதான், கிண்ணங்களைத் தட்டையான படமாக அச்சிட்டுப் பார்க்கும் பழக்கம் கொஞ்சம் ஆட்டம் கண்டது.

அதே ஏதென்ஸில் கி.மு. 399இல் சாக்ரடீஸுக்கு நஞ்சு கொடுக்கப்பட்டதும் கைலிக்ஸில்தான். அதில் கொஞ்சம் தெய்வத்துக்கு ஊற்றலாமா என்று அவர் கேட்டதாகவும், குடிக்கும் அளவுக்குத்தான் அரைத்திருக்கிறோம் என்று நஞ்சு கொண்டுவந்தவர் சொன்னதாகவும் பிளேட்டோ எழுதுகிறார். விருந்தின் சடங்கை மரணத்துக்கும் கேட்டுப்பார்க்கிறார் கிழவர். ஜாக்-லூயி டேவிட் 1787இல் தீட்டிய ஓவியத்தின் நடுப்புள்ளி சாக்ரடீஸின் முகம் அல்ல. கிண்ணத்துக்கும் அவருடைய வலது கைக்கும் இடையே இருக்கும் வெளிதான். கொடுப்பவன் முகத்தைத் திருப்பிக் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறான். வாங்குபவர் கிண்ணத்தைப் பார்க்காமலே பேசிக்கொண்டு கை நீட்டுகிறார். நண்பர்கள் நிறைந்த அறையில் சுற்றுக்கு விட முடியாத ஒரே கிண்ணம்.

கிறித்தவத் திருவிருந்தின் கிண்ணத்தைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பாதி, காணாமல்போன புனிதக் கிண்ணத்தைத் தேடும் கதைகள். அவற்றை ஒதுக்கிவிடுகிறேன். நியூயார்க்கில் இருக்கும் ‘அந்தியோக்கியாக் கிண்ணம்’ ஒருகாலத்தில் இயேசு குடித்த கலமாகவே பேசப்பட்டது. அது விளக்காக இருந்திருக்கக்கூடும் என்கிறது இப்போது அதை வைத்திருக்கும் அருங்காட்சியகமே. லியொனார்தோவின் மிலான் சுவரோவியத்தில் நடுவில் பெரிய கிண்ணம் எதுவும் கிடையாது, ஆளாளுக்குச் சின்னக் கண்ணாடிக் குவளைகள்தான். அதைவிடப் பெரிய கதை பிராகில் இருக்கிறது.

மேற்கு ஐரோப்பியத் திருச்சபையில் 12, 13ஆம் நூற்றாண்டுகளில் திராட்சை இரசம் குருக்களுக்கு மட்டும் என்று ஆகிப்போனது. சிந்திவிடுமோ என்ற பயம் ஒரு காரணம். அப்பத்திலேயே கிறிஸ்து முழுமையாக இருக்கிறார், எனவே மக்களுக்கு ஒரு குறையும் இல்லை என்ற இறையியல் இன்னொரு காரணம். குறை இல்லைதான். ஆனால் பீடத்தில் ஒருவர் குடிப்பதை ஊரே பார்த்துக்கொண்டு நிற்கும் ஏற்பாடு அது. 1414இல் யாகூபெக் என்ற குரு பிராகில் பொதுமக்களுக்குக் கிண்ணத்தைக் கொடுத்தார். 1415 ஜூன் 15 அன்று கான்ஸ்டன்ஸ் பொதுச்சங்கம் அதைத் தடைசெய்தது. மூன்று வாரம் கழித்து, ஜூலை 6 அன்று, செக் சீர்திருத்தவாதி யான் ஹூஸை அதே நகரில் உயிரோடு எரித்தார்கள். அதன்பின் கிண்ணம் கொடியேறியது. ஹூஸ் வழியினர் 1420இல் எழுதிய நான்கு கோரிக்கைகளில் எல்லோருக்கும் கிண்ணம் என்பது ஒன்று. கைக்குழந்தைகளுக்கும் இரசம் புகட்டினார்கள். அவர்களுடைய ஒற்றைக்கண் தளபதி யான் ஜிஷ்கா தன் கோட்டைக்கே ‘கிண்ணம்’ என்று பெயர் வைத்து, தன்னைக் ‘கிண்ணத்து ஜிஷ்கா’ என்று அழைத்துக்கொண்டார். அவரை அடக்க அனுப்பப்பட்ட சிலுவைப்படைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றன. 1436இல் சமரசம் ஏற்பட்டுச் செக் மக்களுக்குக் கிண்ணம் அனுமதிக்கப்பட்டது.

அந்த வெற்றிக்கு அடையாளமாக, பிராகின் பழைய நகரச் சதுக்கத்திலுள்ள டீன் மாதா ஆலய முகப்பில் பொன்முலாம் பூசிய பெரிய கிண்ணம் ஒன்றை வைத்தார்கள். 1620இல், கத்தோலிக்கப் பேரரசருக்கு எதிரான கிளர்ச்சியின்போது, வெள்ளைமலைப் போரில் செக் தரப்பு தோற்றது. 1621 ஜூன் 21 அன்று அந்தச் சதுக்கத்திலேயே கிளர்ச்சித் தலைவர்கள் 27 பேரின் உயிர் பறிக்கப்பட்டது. பிறகு முகப்புக் கிண்ணத்தை இறக்கிவிட்டு மாதா சிலையை வைத்தார்கள். கிண்ணத்தை உருக்கி மாதாவின் ஒளிவட்டத்தைச் செய்தார்கள் என்கிறது பிராக் வழக்கு. வென்றவர்கள் சின்னத்தை உடைப்பது உலக வழக்கம். உருக்கித் தங்கள் சின்னத்தின் தலைமேலேயே சூட்டுவதற்குக் கொஞ்சம் கற்பனை வேண்டும். கத்தோலிக்க மக்களுக்குக் கிண்ணம் மீண்டும் பரவலாகக் கிடைக்க இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962–65) வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

தனியாள் குடிகலத்தின் உச்சம் என்று எதையாவது காட்டச் சொன்னால், லண்டன் விக்டோரியா-ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஷாஜகானின் வெண்பச்சைக்கல் கிண்ணத்தைக் காட்டுவேன். 1657இல் செய்தது, நீளம் 18.7 செ.மீ. பாதியாக வெட்டிய சுரைக்காய் மெல்ல வளைந்து ஒடுங்கி ஆட்டுத்தலையாக முடிகிறது; அடியில் தாமரை மலர்ந்து கிண்ணத்தைத் தாங்குகிறது. ஒரு கைக்கு, ஒரு வாய்க்கு. மறுவருடமே மகன் ஔரங்கசீப் அவரை ஆக்ராக் கோட்டையில் அடைத்துவிட்டார். ஷாஜகானின் தகப்பனார் ஜஹாங்கீர் தங்க நாணயத்திலேயே கையில் கிண்ணத்தோடு இருப்பவர். இளமையில் ஒருநாளைக்கு இருபது கிண்ணம் வரை குடித்ததையும், கை நடுங்கிப் பிறர் கிண்ணத்தைப் பிடித்துப் புகட்ட வேண்டிவந்ததையும் தன் நினைவுக்குறிப்பில் மறைக்காமல் எழுதிவைத்தார். லிஸ்பனில் ஒரு பச்சைக்கல் குடுவை இருக்கிறது. தைமூரின் பேரன் உலூக் பேக்கின் பெயர் அதில் பொறித்திருக்கிறது, பின்னால் ஜஹாங்கீரும் ஷாஜகானும் தங்கள் பெயர்களைச் சேர்த்திருக்கிறார்கள். உயிரோடிருக்கும் யாரோடும் பகிராத கலத்தை அரசர்கள் செத்த பாட்டனாரோடு பகிர்ந்துகொண்டார்கள்.

அந்த வம்சத்தை எதிர்த்து நின்றவர்களிடம் நேர்மாறான ஒரு கலம் இருந்தது. 1699 வைசாகி அன்று ஆனந்தபூரில் குரு கோவிந்த்சிங் இரும்புக் கிண்ணத்தில் நீரும் சர்க்கரையும் இட்டு வாளால் கலக்கி ஐந்து பேருக்குக் கொடுத்தார். சீக்கிய மரபின்படி அவர்களில் ஒருவர் லாகூர்க் கத்ரி, ஒருவர் ஜாட் விவசாயி, ஒருவர் தண்ணீர் சுமப்பவர், ஒருவர் துணியச்சுத் தொழிலாளி, ஒருவர் பீதரிலிருந்து வந்த நாவிதர். ஐவரும் ஒரே கிண்ணத்தில் வாய் வைத்தார்கள். பிறகு குரு அவர்கள் முன் மண்டியிட்டு, அவர்கள் கையாலேயே அதை வாங்கிக் குடித்தார். இன்றும் அமிர்தம் ஏற்பவர்கள் மிச்சத்தை அதே கலத்திலிருந்து முறைவைத்து அருந்துகிறார்கள். குடிகலத்தைக் கொண்டு சாதியை நேருக்கு நேர் தாக்கிய சடங்கு இதைப்போல வேறொன்று எனக்குத் தெரியாது. இரும்பைத் தேர்ந்தெடுத்ததும் கவனிக்க வேண்டியது. பொன்னோ வெள்ளியோ என்றால் யார் வீட்டுக் கலம் என்ற கேள்வி வந்திருக்கும்.

ஜப்பானியத் தேநீர்ச் சடங்கில் ‘கொய்ச்சா’ என்ற கெட்டித் தேநீரை ஒரே கிண்ணத்தில் கலக்கி, விருந்தினர் ஒருவர் பின் ஒருவராக, வாய் வைத்த இடத்தைத் துடைத்துவிட்டுக் கைமாற்றிக் குடிப்பார்கள். தேநீர் குரு சென் நோ ரிக்யூ (1522–1591) ஏற்படுத்திய வழக்கமாகச் சொல்கிறார்கள். இதையொட்டி ஒரு செவிவழிக் கதை. தொழுநோயாளியான படைத்தலைவர் ஓட்டானி யோஷிட்சுகு குடிக்கும்போது முகத்துப் புண்ணிலிருந்து ஒரு துளி கிண்ணத்தில் விழுந்துவிட்டது. மற்றவர்கள் குடிப்பதுபோல் பாவனை செய்து நகர்த்த, இஷிதா மிட்சுனாரி மட்டும் மிச்சத்தை ஒரே மூச்சில் குடித்தார். 1600இல் செகிகஹாராப் போரில், தோல்வி நிச்சயம் என்று தெரிந்தே மிட்சுனாரிக்காக ஓட்டானி சண்டையிட்டுச் செத்தது இந்தக் கடனுக்குத்தான் என்று கதை முடிகிறது. நடந்ததோ இல்லையோ, ஒரு சமூகம் குடிகலத்தில் எதைப் போட்டுவைத்திருக்கிறது என்பதை வரலாற்றைவிடக் கதைதான் நன்றாகச் சொல்கிறது.

பிறகு கிருமிகள் வந்தன. பாஸ்டரும் ராபர்ட் காக்கும் கண்டுபிடித்தவை ஊர்ப்பேச்சாக மாறியதும், பொதுக் கலம் உலகின் பல மூலைகளில் ஏறக்குறைய ஒரே சமயத்தில் ஆட்டம் கண்டது. 1890களில் அமெரிக்கப் புராட்டஸ்டன்ட் சபைகள் திருவிருந்துக்கு விரல் உயரத் தனித்தனிக் குவளைகளை அடுக்கிய தட்டுகளுக்கு மாறத் தொடங்கின. 1909இல் கான்சாஸ் மாநிலம் ரயில்களிலும் பள்ளிகளிலும் சங்கிலியில் தொங்கிய பொதுத் தகரக்குவளையைத் தடைசெய்தது. அந்தச் சந்தையைக் குறிவைத்து ‘ஹெல்த் கப்’ என்ற காகிதக் குவளை வந்தது. 1919இல் அதன் பெயர் ‘டிக்ஸி கப்’ ஆயிற்று. 1911இல் கியோத்தோவின் உராசென்கே தேநீர்ப் பள்ளித் தலைவர் என்னோசாய், கெட்டித் தேநீரையும் ஆளுக்கொரு கிண்ணத்தில் கலக்கும் முறையை வகுத்தார். 2020இல் கொரோனா வந்தபோது அந்த முறை மீண்டும் கைகொடுத்தது. இங்கிலாந்துத் திருச்சபையும் பொதுக் கிண்ணத்தை நிறுத்திவைத்தது. சுகாதாரக் காரணத்தை நான் குறை சொல்லவில்லை. காசநோய் உண்மையானது. ஆனால் அருவருப்பும் சுகாதாரமும் ஒரே கதவு வழியாகத்தான் வரும், எது எது என்று பிரித்துப் பார்ப்பது எளிதல்ல. மேரெட் ஓப்பன்ஹைம் 1936இல் பாரிஸில் ஒரு சாதாரணத் தேநீர்க் கோப்பை, சாசர், கரண்டி மூன்றையும் மான் தோலின் ரோமத்தால் போர்த்தினார். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் அதைப் பார்ப்பவர்களின் கை முதலில் போவது தங்கள் உதட்டுக்குத்தான் என்று சொன்னால் நம்பலாம். மயிர் ஈரமாக வாயில் படுவதை உடம்பு தானாகவே நினைத்துப்பார்த்துவிடுகிறது.

தமிழ்நாட்டுக்கு இந்த அருவருப்பைக் கற்றுக்கொள்ளக் கிருமிகள் தேவைப்படவில்லை. 1829இல் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் புதிதாக வந்த மிஷனரிகளைக் கண்டித்து எழுதியபோது அடுக்கிய குற்றச்சாட்டுகளில் ஒன்று, திருவிருந்தில் சாதிகளைக் கலக்க அவர்கள் வற்புறுத்துகிறார்கள் என்பது. 1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதியை உடனே முற்றாகக் கைவிட வேண்டும் என்று சுற்றறிக்கை விட, தஞ்சையிலும் சென்னையிலும் சபைகள் பிளந்தன. யார் எங்கே உட்காருவது, பாத்திரம் யாரிடமிருந்து யாருக்குப் போவது என்பதுதான் சண்டை. ஐரோப்பாவில் குருவுக்கும் மக்களுக்கும் இடையே ஓடிய கோடு, இங்கே மக்களுக்குள்ளேயே ஓடியது. பிராக் வரலாற்றைப் படித்துவிட்டு வந்த ஜெர்மன் மிஷனரிக்கு இது எவ்வளவு குழப்பமாக இருந்திருக்கும்!

பாமாவின் ‘கருக்கு’ (1992) நூலில் பாட்டிக்குத் தண்ணீர் கொடுக்கும் காட்சி இருக்கிறது. நாயக்கர் வீட்டுப் பெண் எட்ட நின்று உயரத்திலிருந்து ஊற்றுகிறாள், பாட்டி இரு கைகளையும் வாயருகே குவித்துக் குடிக்கிறாள். இங்கே கலமே இல்லை. அம்பேத்கர் தன் பள்ளி நாள்களைப் பற்றி எழுதியதும் இதேதான்: பியூன் வந்து ஊற்றினால் தண்ணீர் உண்டு, வராத நாளில் இல்லை. 1927 மார்ச் 20 அன்று மகாத் சவுதார் குளத்தில் அவர் நீரை அள்ளிக் குடித்ததும் கையால்தான். கலம் பற்றிய ஆய்வு கலம் மறுக்கப்பட்ட கைகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சேர்த்துக்கொண்டால் கெண்டியின் மூக்கைப் பற்றிய நம் அழகியல் பேச்சு கொஞ்சம் தயங்கும்.

டீக்கடைகளில் இதற்கு ஒரு பொருள்வடிவம் கிடைத்தது. ஒரு சாராருக்குக் கண்ணாடி டம்ளர். சேரியிலிருந்து வருபவர்களுக்குச் சிரட்டை அல்லது அலுமினிய டம்ளர். சிரட்டையும் அலுமினியமும் கடைக்கு வெளியே கூரை எறவானத்தில் செருகியிருக்கும், குடித்தவரே கழுவித் திரும்பச் செருகிவிட்டுப் போக வேண்டும். தீண்டாமையை ஒழித்த அரசியல் சட்டப் பிரிவின் கீழ் 1955இல் வந்த சட்டம், உணவு விடுதிகளில் வைத்திருக்கும் பாத்திரங்களைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பதைத் தனியாகப் பெயர் சொல்லியே குற்றமாக்கியது. ஆனாலும் இரட்டைக் குவளை முறை 2000களின் கள ஆய்வுகளில்கூடப் பதிவாகியிருக்கிறது. பிறகு பேப்பர் கப் வந்தது. எல்லோருக்கும் ஒரே கப் என்றால் பிரச்சினை தீர்ந்தது என்று தோன்றும். சில கடைகளில் பேப்பர் கப் அவர்களுக்கு மட்டும், மற்றவர்களுக்குப் பழைய கண்ணாடி டம்ளரே என்பதும் பதிவாகியிருக்கிறது. கான்சாஸ் ரயிலில் காசநோய்க்கு அஞ்சி உருவான பொருள் இங்கே வந்ததும் வேறொரு வேலையில் அமர்ந்துகொண்டது.

ஷாஜகானின் கிண்ணம் யார் யாருடைய கைமாறி லண்டன் வந்தது என்பது ஆவணமாக இருக்கிறது. எக்ஸெக்கியாஸின் கிண்ணம் வுல்ச்சிக் கல்லறையிலிருந்து வந்தது நமக்குத் தெரியும். எறவானத்து டம்ளரை மட்டும் நான் பார்த்த எந்த அருங்காட்சியகத்திலும் காணவில்லை. பித்தளைச் செம்பும் வெண்கலக் கும்பாவும் ‘பண்டைய புழங்குபொருள்கள்’ என்று கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக நிற்கின்றன. எந்த வீட்டில் யார் குடித்தார்கள் என்ற அட்டை அவற்றுக்கும் இல்லை. இந்தத் துறையில் இறங்க நினைக்கும் இளம் ஆய்வாளர்களுக்கு என் யோசனை, கிரேக்கக் கிண்ணங்களை அவற்றுக்குரியவர்களிடம் விட்டுவிட்டு இங்கே தொடங்குங்கள் என்பதுதான். ஊர், கடை, கலத்தின் உலோகம், தொங்கிய இடம், அதில் குடித்தவர், கழுவியவர், எந்த ஆண்டில் யார் கேட்டு எடுத்துப் போட்டார்கள் என்ற விவரம். இவ்வளவும் ஓர் அட்டையில் அடங்கும். அந்த டம்ளர்கள் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன. அவற்றில் குடித்தவர்கள் அறுபது, எழுபது வயதில் அந்தந்த ஊரிலேயே இருக்கிறார்கள். போய்க் கேட்டால் சொல்வார்கள்.